பெல்ட்டுக்கும் ஓய்வு வேண்டாமா

பார்த்து உட்காரும்மா, அந்த சீட்டு ஆடும். தஞ்சாவூரில் ஏறினதும் நான் அதில்தான் உட்கார்ந்தேன். சாலியமங்கலம் வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது, இப்படி ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டேன். கண்டக்டரிடம் சொன்னேன், "ஏம்ப்பா, சீட்டு ஆடுதே" என்று. "பஸ்ஸே ஆடுது, சீட்டு மட்டும் சும்மா இருக்குமா பாட்டி" என்று விசிலை ஊதிவிட்டுப் போகிறான். பாட்டியாம். அவன் மீசையில் அடித்திருக்கிற மையை வழித்தால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சை எழுதலாம்.

பையை இப்படிக் கொடு, காலடியில் வைக்காதே, தண்ணீர் ஊற்றிக் கிடக்கிறது. நீ எதுவரைக்கும்? திருவாரூரா. நல்லது. நான் வேளாங்கண்ணி.

சீட்டு ஆடுகிறது என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சீட்டு. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் சீட்டு. வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். அவரையும் விடவில்லை என் வீட்டுக்காரர். காரின் கதவைத் திறந்து, "சாமி, இதை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க" என்கிறார். சாமியார் பாவம், அங்கியைச் சுருட்டிக்கொண்டு குனிந்து ஆட்டிப் பார்த்தார். "ஆடத்தான் செய்யுது" என்றார். தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

எந்தச் சீட்டா? பேபி சீட்டும்மா. காருக்குள் பச்சைப் பிள்ளையை உட்காரவைத்து, தோளிலே, இடுப்பிலே, காலிடுக்கிலே என்று வார் போட்டுக் கட்டிவைப்பார்களே, அது. என் மருமகள் பெனிட்டாவின் அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தபோது இவ்வளவு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மாவாட்டுகிற மிஷின் என்று சந்தோஷப்பட்டேன். பிரித்தால் நாற்காலி. அதுவும் எப்படி? காரோட்டுகிறவர் ரோட்டைப் பார்த்துப் போவார், நாமும் ரோட்டைப் பார்த்துப் போவோம், பிள்ளை மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகணுமாம். அப்படித்தான் பத்திரமாம்.

"மடியில வச்சுக்கிட்டாப் போதாதா பெனிட்டா?" என்று கேட்டேன். 

அவள் கத்துகிற ரகம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கத்தினால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கிவிடுவேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாக, "போதாது அத்தை" என்றாள். அவ்வளவுதான். போதாது.

இந்தக் கையைப் பாரும்மா. திண்டுக்கல்லில் போய்க் கேள், ரெஜினா டெய்லர் என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். எத்தனை பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைத்த கை. என் மகன் பிரிட்டோவையும் மகள் ஜான்சியையும் இந்தக் கையில் வைத்துத்தான் வளர்த்தேன். அப்போது எங்களுக்குக் காரா இருந்தது? ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்க் மேலே பிரிட்டோ, என் மடியில் ஜான்சி, நடுவில் அரிசிப் பை. சேசுவே என்று ஏறுவோம், சேசுவே என்று இறங்குவோம். ஒரு கீறல் கிடையாது. "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டவர் ஒரு காவல் சம்மனசைக் கொடுத்திருக்கார்மா" என்றேன் அவளிடம், சம்மனசு என்றால் எங்களுக்குத் தேவதூதர். "அந்தச் சம்மனசுக்கு நாமளும் ஒரு கை கொடுப்போமே அத்தை" என்று சிரிக்கிறாள்.

நல்ல பெண்தான். நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், அவசர வார்டில். வந்தால் முகம் கழுவிவிட்டு நேரே தொட்டிலுக்குத்தான் போவாள். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஆனால் என் கையில் நம்பிக்கை இல்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்குமா இருக்காதா, நீயே சொல்லு.

சரி, வந்த பொருளை வேண்டாம் என்றா சொல்ல முடியும். மாட்டுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன்.

எங்கள் காரைப் பற்றிச் சொல்லணும். என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து கரண்டு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனதும் வாங்கின கார். பிரிட்டோ கல்யாணத்துக்கும் முந்தி. அன்றைக்கு ஷோரூமில் சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை, போன மாதம் வரைக்கும் அப்படியே இருந்தது. கழட்ட விடமாட்டார். "பிளாஸ்டிக் இருக்கிற வரைக்கும்தான்டி அது புது கார்" என்பார். வெயில் காலத்தில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் வழுக்கிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவோம். இருந்தாலும் புது கார்.

அந்தப் பிளாஸ்டிக் மேல்தான் பிரிட்டோ முதலில் பேபி சீட்டை வைத்தான். கார் பெல்ட்டை இழுத்து, அதன் முதுகுப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதற்குள் விட்டு, அந்தப் பக்கம் எடுத்து, பக்கிளில் மாட்டி, ஒரு சிவப்பு கிளிப் இருக்கிறது, அதைப் போட்டு அமுக்கி... போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தான். அரை நாள் ஆச்சு. பனியன் தொப்பலாக நனைந்துபோச்சு. பெனிட்டா வந்து ஆட்டிப் பார்த்தாள். "ம், பரவால்லங்க" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். நான் கேசரி கிண்டினேன்.

நான் சாயங்கால ஜெபமாலை சொல்வது காருக்குள்தான். சிரிக்காதே. வீட்டுக்குள் ஒரு பக்கம் அவருடைய நியூஸ் சேனல், ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் போன். கார் ஷெட்டில் நிற்கும், கதவைச் சாத்திக்கொண்டால் கோயில் மாதிரி அமைதி. கண்ணாடியில் மாதா ஜெபமாலை தொங்கும். எனக்கு அதுதான் வழக்கம்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், பெல்ட்டை எப்படி இழுத்து வைத்திருக்கிறான் என்று. விரல் நுழையாது. துணி காயப்போடுகிற கொடி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தையல்காரி புத்தி. இழுத்துப் பிடித்தபடியே வைத்த எதுவும் நைந்துபோகும். எலாஸ்டிக்கை அப்படி வைத்துப் பார், மறு வாரமே பாவாடை காலுக்கு வந்துவிடும். கார் ஓடும்போது இறுக்கம் வேண்டும், நியாயம். ஷெட்டில் நிற்கிற காருக்கு எதற்கு? மனுஷனுக்கே ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்கிறது, பெல்ட்டுக்கும் ஓய்வு வேண்டாமா? அந்தச் சிவப்பு கிளிப்பைத் தூக்கிவிட்டு, பக்கிளை அமுக்கிக் கழட்டி, நன்றாகத் தளர விட்டுவிடுவேன். ஜெபமாலை முடிகிற வரைக்கும் ஆறட்டும். அப்புறம் பழையபடி மாட்டி, கிளிப்பையும் போட்டுவிடுவேன். டக் என்று சத்தம் கேட்கிற வரைக்கும் விடமாட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. தினமும் செய்வேன், ஒரு நாள் விட்டது கிடையாது. யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. வீட்டில் பெண்கள் செய்கிற வேலையை எல்லாம் சொல்லிக்கொண்டா செய்கிறோம்.

அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் பெனிட்டா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, சீட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். கிண்ணத்தில் வைத்த பணியாரம் மாதிரி உருளுகிறது.

"என்னங்க இது?" என்றாள்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்றான் இவன்.

"நல்லா இருந்துச்சுன்னா எப்படிங்க ஆடும்?"

பிரிட்டோ மறுபடி இறுக்கினான். மறுநாள் மறுபடி ஆடினது. மறுபடி இறுக்கினான். மறுபடி ஆடினது. அந்த மஸ்கட் கம்பெனிக்காரனை நான் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும். இப்படியா ஒரு சாமான் செய்வான்? ஒரு ராத்திரி தாங்காத சாமான்.

பிரிட்டோதான் கண்டுபிடித்தான், பிளாஸ்டிக்தான் காரணம், அதுதான் வழுக்குகிறது என்று. அப்பாவிடம் கேட்டான். "அதைத் தவிர வேற எதை வேணாக் கழட்டு" என்றார். "டயரைக் கழட்டவா?" என்றான். "கழட்டு" என்றார். இரண்டு பேரும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஒரு நாள் அவர் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின்சீட்டுப் பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்துவிட்டான். அவர் வந்து பார்த்தார். கிழித்த பிளாஸ்டிக்கை நான்காக மடித்துக் கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புப் பார்க்கவில்லை மனுஷன். எனக்கே கண் கலங்கிப்போச்சு.

அத்தனை பாடுபட்டும் என்ன பிரயோசனம்? மறுநாள் காலையில் ஆடினது.

பிறகு இவர் களத்தில் இறங்கினார். "தள்ளு. நான் டிரான்ஸ்பார்மரையே கட்டித் தொங்கவிட்டவன்" என்றார். கரண்டு வயரைக் கொண்டுவந்து, சீட்டையும் தலை வைக்கிற இடத்தையும் சேர்த்துச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கினார். அதன் பிறகு சீட்டு ஆடவில்லை, நிஜம். ஆனால் வயரின் முனை குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. பெனிட்டா பார்த்தாள். "மாமா, இதுல கரண்டு வேற கொடுத்துடுவீங்களா?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவிழ்த்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் வந்தது. நான் காது கொடுத்துக் கேட்கவில்லை, அடுப்படி ஜன்னலுக்கு நேரே நின்று பேசினால் நான் என்ன செய்ய.

"நான் இறுக்கிட்டுத்தான் வந்தேன்னு சொல்றேன்ல."

"இறுக்குனது எப்படிங்க தானா அவுறும்?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. செய்யாததைச் செஞ்ச மாதிரி நினைச்சுக்கிறீங்க."

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போனான். என் பிள்ளை கதவைச் சாத்தி நான் பார்த்தது கிடையாது. ஒரு சீட்டு ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டிவைக்கிறது பார். அன்றைக்கு ஜெபமாலையில் பாதி அவர்களுக்காகத்தான் சொன்னேன். பெல்ட்டைத் தளரவிட்டு, அதன் மேல் சிலுவை அடையாளம் போட்டு, மாதாவே, இந்தச் சீட்டில் என்ன பேய் புகுந்திருந்தாலும் துரத்து என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். பிரிட்டோ ஓட்டினான், இவர் முன்னால். பேபி சீட்டுக்கு இடம் விடுவதற்காக முன்சீட்டை அவ்வளவு முன்னால் தள்ளிவிட்டார்கள், இவருடைய முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. பின்னால் சீட்டு, நடுவில் பெனிட்டா, ஓரத்தில் நான். அந்தச் சீட்டு வைத்திருக்கிற இடம் இருக்கிறதே, அது என் இடம். இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்த இடம். அதைச் சொல்லவில்லை, எனக்கு எங்கே உட்கார்ந்தால் என்ன.

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரிட்டோ பிரேக் போட்டான். பெரிய பிரேக்கெல்லாம் இல்லை. சீட்டு அப்படியே சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோச்சு. குழந்தை தலைகீழாகத் தொங்காத குறை. பெனிட்டா இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். என் பேரன் ஆரோன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். அவன் ஒருவன்தான் சிரித்தான். இறங்கும்போது பார்த்தேன், பெனிட்டா உதட்டில் ரத்தம். கடித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சொல்லிவிட்டாள். "இது ஆடாம நிக்கிற வரைக்கும் ஆரோன் இந்தக் காருல வரமாட்டான் அத்தை. வேளாங்கண்ணிக்கும் வரமாட்டான்."

உனக்குத் தெரியாது, அவன் ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. உள்ளங்கை அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், மூக்கில் குழாய், காலில் ஊசி. வெளியே வராண்டாவில் முட்டிபோட்டு நான்தான் நேர்ந்துகொண்டேன். ஆரோக்கிய மாதாவே, இவனைக் கொடு, ஒரு வயசு நிறைவதற்குள் உன் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து முடி இறக்குகிறேன் என்று. கொடுத்துவிட்டாள். நாளை மறுநாள் பிறந்தநாள். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் கூட்டத்தில் கொண்டுபோக முடியாது, இன்னும் நெஞ்சில் சளி கட்டுகிற பிள்ளை. கார் ஒன்றுதான் வழி. மாதாவுக்குக் கொடுத்த வார்த்தை ஒரு நாற்காலியால் கெட்டுப்போகுதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுப்படியில் அவளிடம் கெஞ்சினேன். "நான் மடியில வச்சுக்கிறேன்மா. இம்மியும் அசையாமப் பிடிச்சுக்கிறேன். வேளாங்கண்ணி வரைக்கும் கண் மூடமாட்டேன்."

அவள் டியூட்டி முடிந்து வந்த உடை மாற்றவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க அத்தை. மடியிலதான் வச்சிருந்தாங்க. அவங்களும் இறுக்கித்தான் பிடிச்சிருந்தாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல அத்தை. குழம்பு பொங்குது பாருங்க."

குழம்பு பொங்கவே இல்லை. அடுப்பைக் குறைத்து வைத்திருந்தேன்.

அந்தத் தாய் யாரோ, எந்த ஊரோ. அவளுக்காகவும் அவள் பிள்ளைக்காகவும் அன்றைக்குச் சாயங்காலம் காரில் உட்கார்ந்து தனியாக ஒரு ஜெபமாலை சொன்னேன். கூடுதல் நேரம் ஆனது. பெல்ட்டுக்கும் கூடுதல் ஓய்வு.

நீடாமங்கலம் வந்தாச்சா? டீ குடிக்கிறதென்றால் ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமா. முறுக்கு இருக்கிறது, சாப்பிடு. என் தங்கச்சி சுட்டது. தஞ்சாவூரில் இருக்கிறாள். நேற்று ராத்திரி அவள் வீட்டில்தான் படுக்கை.

ஆமாம், கார் இருக்கும்போது நான் ஏன் பஸ்ஸில் போகிறேன் என்றுதானே பார்க்கிறாய். நானாகத்தான் வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் பெனிட்டா லீவு போட்டுவிட்டு அவளே இறங்கிவிட்டாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்குள் ஏறி, சீட்டுக்குள்ளேயே முழங்காலை ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்துகிறாள். பிரிட்டோ வெளியே நின்று பெல்ட்டை இழுக்கிறான். "இன்னும், இன்னும்" என்கிறாள். பிரசவ வார்டு மாதிரி இருக்கிறது. நெற்றியில் நரம்பு புடைத்துப்போச்சு இரண்டு பேருக்கும். கிளிப்பைப் போட்டு அமுக்கினார்கள். பிடித்து ஆட்டினால் கார்தான் ஆடுகிறது, சீட்டு ஆடவில்லை.

இறங்கி வந்து எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "நாளைக்குக் காலையில பார்ப்பேன். ஆடாம இருந்தாப் போவோம். ஆடுச்சுன்னா வேளாங்கண்ணி கிடையாது. அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் இந்தச் சீட்டைப் பத்தி என்கிட்டப் பேச வேணாம்."

எனக்குத் தெரியும், காலையில் ஆடும். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க என்னால் முடியாதும்மா. என் கண் முன்னால் அந்தப் பிள்ளைகள் மறுபடி சண்டை போடுவதையும், மாதாவுக்கு நேர்ந்தது பொய்யாகிப்போவதையும் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பையில் இரண்டு புடவையை வைத்தேன். "நீங்க வந்தா வாங்க, வராட்டி நான் போய் மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்" என்றேன். "அம்மா, சும்மா இரும்மா" என்றான் பிரிட்டோ. இவர், "முன்னாடி உட்கார்ந்து முழங்கால் இடிக்க நான் ஒருத்தன் போதும், அவ போகட்டும்" என்றார். அதில் வேறு எனக்குக் கோபம். மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் சாயங்காலம் முட்டிபோட்டேன், எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

இந்நேரம் அவள் ஆட்டிப் பார்த்திருப்பாள். போன் இன்னும் வரவில்லை பார். நானாகக் கூப்பிட மாட்டேன். நல்ல செய்தி என்றால் அவர்களே கூப்பிடுவார்கள். கெட்ட செய்தியை நான் ஏன் கேட்டு வாங்கணும்.

கொஞ்சம் இரு. போன் அடிக்கிறது. பையைப் பிடி. எங்கே வைத்தேன் இந்தக் கண்ணாடியை... பிரிட்டோதான்.

சொல்லுப்பா. ம். பஸ்லதான் இருக்கேன், கொரடாச்சேரி வரப்போகுது. சத்தமாச் சொல்லு. என்னது? எங்கே? வையம்பட்டி தாண்டியாச்சா? யாரு, எல்லாருமா? பிள்ளையுமா? 

சேசுவே. மாதாவே.

ஆடலையா? கொஞ்சங்கூடவா? பெனிட்டா பார்த்தாளா? அவளே ஆட்டிப் பார்த்தாளா? ம். ம். அழுறாளா, ஏன்டா? சந்தோஷத்துலயா. தூங்குறானா ஆரோன். சரி, எழுப்பாதே. மெதுவா ஓட்டு. அப்பாவைக் காலை நீட்டி உட்காரச் சொல்லு, முடிஞ்சா. என்ன? திரும்பும்போதா? எனக்கு எதுக்குப்பா, நான் பஸ்லயே... சரி. சரி. பெனிட்டாவா சொன்னா, என் பக்கத்துல அத்தை உட்காரட்டும்னு? சரிப்பா. வைக்கிறேன். வச்சிடுறேன், காசு ஆகும்.

கேட்டாயா? அசையவில்லையாம். பாறை மாதிரி நிற்கிறதாம். நேற்றுக் காலையில் இறுக்கினது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதாம். இத்தனை நாளில் முதல் தடவையாக. பிளாஸ்டிக்கைக் கிழித்தான், நிற்கவில்லை. இவர் வயரைச் சுற்றினார், ஆகவில்லை. நான் ஒரு சாயங்காலம் ஊர் விட்டு ஊர் வந்து முட்டிபோட்டேன், நின்றுவிட்டது. பெனிட்டா முழங்காலால் அழுத்தினதுதான் காரணம் என்று பிரிட்டோ சொல்வான். சொல்லட்டும். இதற்கு முன்னால் அவனும்தான் அமுக்கி இறுக்கினான், நான் பார்க்கவில்லையா? காலையில் ஆடத்தானே செய்தது. இது மாதா செய்த புதுமை, அற்புதம். ஜெபத்துக்கு முன்னால் எதுவும் நிற்காதும்மா.

என்ன கேட்டாய்? சத்தமாகக் கேள், இந்த இன்ஜின் காதை அடைக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பெல்ட்டுக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள் என்றா?

யார் கொடுப்பார்கள். நான்தான் தங்கச்சி வீட்டில் இருந்தேனே. அங்கே யாருக்கு அந்த நினைப்பு வரும். இவர் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பாவம், அந்த பெல்ட் நேற்றுக் காலையிலிருந்து அப்படியே இழுத்தபடியே...

...

வெயில் ஏறிவிட்டது. இந்த ஜன்னல் கண்ணாடி நகருமா பார். நகராதா. இருக்கட்டும்.

தண்ணீர் வைத்திருக்கிறாயா? ஒரு வாய் கொடு. இவ்வளவு நேரம் பேசினேன் இல்லையா, அதுதான்.

நீ கெட்டிக்காரிதான். என்ன வேலை பார்க்கிறாய்? கேட்கவே இல்லை. இருக்கட்டும், சொல்ல வேண்டாம். பெனிட்டா வயசுதான் இருப்பாய். அவளை எங்கேயாவது பார்த்தால் இந்தப் பேச்சையெல்லாம்... நீ எங்கே பார்க்கப்போகிறாய். அவள் திண்டுக்கல், நீ திருவாரூர்.

அந்த மார்க்கெட் திருப்பத்து ஆடு. அது அப்படித் திடீரென்று குறுக்கே வந்திருக்க வேண்டாம். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை.

திரும்பும்போது என்னையும் காரில் வரச் சொல்லிவிட்டார்கள். நடுவில் நான், ஓரத்தில் பெனிட்டா. சீட்டுக்குப் பக்கத்திலேயே நான். பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார்வதால் பக்கத்தில் இருக்கிறவர் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியுமாம், பிரிட்டோ சொன்னான். வழி முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே வருவான். அது ஒரு நல்ல ஏற்பாடுதான். அந்த மஸ்கட்காரர் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்.

லாட்ஜ் வாசலில் கார் நிற்கும். இன்றைக்குச் சாயங்கால ஜெபமாலையை நான் கோயிலிலேயே சொல்லிக்கொள்கிறேன். மாதா வாசலில் வந்து இருந்துகொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும். ஊருக்குப் போனபிறகும் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இவரை நியூஸைக் குறைத்து வைக்கச் சொன்னால் ஆச்சு.

பெல்ட்டா? அதற்கென்ன. மாதா கட்டின பெல்ட். அதில் போய் நான் எதற்குக் கை வைக்கணும்? நைந்தால் நையட்டும், புதிது போட்டுக்கொள்வார்கள்.

திருவாரூர் வந்துவிட்டது, எழுந்திரு. பையைத் தோளில் மாட்டிக்கொள். முறுக்கை எடுத்துக்கொண்டு போ, தங்கச்சி நிறையக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். படியில் பார்த்து இறங்கும்மா. அவன் நிறுத்தாமலேயே இறக்கிவிடப் பார்ப்பான். கம்பியை விட்டுவிடாதே. இறுக்கிப் பிடித்துக்கொள்.